ஒன்றாம் எண் கட்டை, இரண்டாம் எண் குழல்

அத்தியாயம் 9

ஏலக்கூடத்து மரப்படியில் எனிட் பிரீஸை நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் பிரிந்தோம். பாவம், ஏழு நாளாக ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கைப்பையிலுமாக நிற்கிறாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் வேறு. இதற்கு மேலும் நிற்க வைத்தால் அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும். மேலே போகட்டும்.

அதற்குள், இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி.

எனிட்டின் கணவர் லெனார்ட் பதினொரு வருடத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் வியாழக்கிழமை, தங்கள் நிலத்தின் எல்லையில், வேலியை ஏறித் தாண்டப் போட்டிருந்த வேலிப்படிக்குக் கீழே குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வேலியைத் தாண்டும்போது தவறி வெடித்தது, விபத்து என்று விசாரணையில் எழுதினார்கள். ஊர் அதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. எனிட்டும் நம்பவில்லை, அவர் தானே சுட்டுக்கொண்டார் என்றே நினைத்தாள்.

அவள் நம்பாததற்குக் காரணம் உண்டு. அன்று காலை அடுப்படியில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை இது: "உங்களுக்குன்னு இந்த உலகத்துல ஒரு ஆள் உண்டா? கூடப் பொறந்த தம்பியே மூஞ்சியில முழிக்க மாட்டேங்கிறான். நாளைக்கு நீங்க இல்லாமப் போனா யாரு தேடப் போறா?"

லெனார்ட் கோட்டை மாட்டினார், கணப்புக்கு மேலிருந்த கொக்கியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெடிச் சத்தம் கேட்டதாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் சாட்சி சொன்னார். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு எனிட்டின் அடுப்படியில் இரண்டு சத்தம் கேட்கிறது. டக். டக். துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற இரண்டு குதிரைகளையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற சத்தம். வானொலியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள், கேட்டது. கோழிக் கொட்டகையில் போய் உட்கார்ந்து பார்த்தாள், அங்கேயும் கேட்டது. துப்பாக்கி வீட்டில் இல்லை. அதை அவள் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அது மூன்று கை மாறிப் போய்விட்டது. சத்தம் மட்டும் போகவில்லை.

போன மாதம் செய்தித்தாளில் ஏலப் பட்டியல் வந்தது. அதில் அந்தத் துப்பாக்கி இருந்தது. வாங்கி, ஹெரிஃபோர்டு பாலத்திலிருந்து வை நதியில் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் இந்தச் சத்தம் ஒழியும் என்று எனிட் முடிவு கட்டிவிட்டாள். காக்காய் சுட வேண்டும் என்று போலீஸிடம் பொய் சொல்லி உரிமம்கூட வாங்கிவிட்டாள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற பெண், வாழ்க்கையில் முதல் பொய்யைப் போலீஸிடமே சொன்னாள்.

சரி, இப்போது படி ஏறலாம்.

கூடத்துக்குள் ஈரக் கம்பளி வாடையும் புகையிலை வாடையும் கலந்து அடித்தன. முப்பது தொப்பிகள் இருக்கும். பெண் என்று பார்த்தால் எனிட்டும், மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாளும்தான். சுவரோரம் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, சீட்டுக் கட்டியிருந்தார்கள். தன்னுடையதை அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. மற்றதெல்லாம் மழுமழுவென்று இந்தக் காலத்துச் சாமான். இது மட்டும் இரண்டு குதிரைகளையும் முயல் காது மாதிரி வெளியே தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. தோளில் அணைக்கிற மரக்கட்டையில் கருப்பாக ஒரு பொட்டு. கல்யாணமான வருடம் லெனார்டின் புகைக்குழாயிலிருந்து நெருப்பு விழுந்த இடம்.

அவள் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர் அதை எடுத்து, தூக்கிப் பிடித்து, குதிரைகளை இழுத்துப் பார்த்தார்.

டக். டக்.

எனிட்டுக்குக் கண் இருட்டியது. பதினொரு வருடமாகத் தனக்குள் மட்டும் கேட்ட சத்தம், பட்டப்பகலில், முப்பது பேருக்கு நடுவில் கேட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, உடம்பு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. அதை முதல்ல கீழ வையுங்க."

"கடிக்காதும்மா. வீட்டுக்காரருக்கு வாங்க வந்தீங்களா?"

"வீட்டுக்காரரோடதுதான்" என்றாள் எனிட். மீசைக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் வைத்துவிட்டார்.

அவள் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. ஏலம் விடுகிற மனிதர் வாயாடி. மேசையில் சுத்தியலைத் தட்டி, "ஏல எண் எண்பத்து நாலு! பர்மிங்காம் வேலை, தொண்ணூறு வயசாச்சு, இன்னும் பல்லு விழல. ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் வீட்டு வாசல்ல வந்து நின்னு திட்டக் கூடாது. இது ஜோடித் துப்பாக்கியில ஒண்ணு. கட்டையில ஒண்ணாம் நம்பர் இருக்கு, குழலுக்கு அடியில ரெண்டாம் நம்பர் இருக்கு. எந்த மகராசனோ மாத்தி மாட்டிட்டான்" என்றார்.

"எங்க தெருவுலயும் அப்படி ஒரு ஜோடி இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது.

எனிட் காதில் இதில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபது பவுண்டில் ஆரம்பித்தது. கடுகு நிறச் சட்டை போட்ட ஒரு லண்டன் வியாபாரி விரலை அசைத்தான். எனிட் கையைத் தூக்கினாள். எழுபது. எண்பது. தொண்ணூறு. நூறில் வியாபாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிறுத்திவிட்டான். எனிட்டின் கை மட்டும் இறங்கவே இல்லை.

"அம்மா, கையை இறக்குங்க. உங்க கூட நீங்களே போட்டி போட்டுக்கிட்டிருக்கீங்க."

மறுபடி சிரிப்பு. சுத்தியல் விழுந்தது. நூற்றுப் பத்து பவுண்டுக்கு எனிட் பிரீஸ் தன் புருஷனைக் கொன்ற துப்பாக்கியை வாங்கிவிட்டாள்.

உரிமப் புத்தகத்தில் குமாஸ்தா துப்பாக்கியின் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வியாபாரி பக்கத்தில் வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குழல் வேற, கட்டை வேற. விக்கிற அன்னைக்கு உங்களுக்கு அம்பதுகூடத் தேறாது" என்றான். வயிற்றெரிச்சல் பேசுகிறது என்று எனிட் நினைத்துக்கொண்டாள்.

ஹெஸ்டர் அப்போதுதான் மூச்சிரைக்க வந்தாள். எனிட்டுக்கு ஒரே மகள். இருபத்தொன்பது வயது. அப்பா போன பிறகு பண்ணை முழுவதும் இவள் தலையில்தான். ஆட்டு லாரிகளுக்கு நடுவில் ஜீப்பை நிறுத்த இடம் கிடைக்காமல் ஊரையே மூன்று சுற்று சுற்றியிருக்கிறாள்.

"வாங்கியாச்சா?"

"ஆச்சு."

"நல்ல காரியம். கூரை ஒழுகுது, அதுக்குக் காசு இல்ல. இந்தச் சனியனை ஆத்துல போடறதுக்குக் காசு இருக்கு."

"கூரையை ஆம்ப்ரோஸ் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கான்."

"சித்தப்பாதான் எல்லாத்தையும் பார்த்துக்கறாரே" என்றாள் ஹெஸ்டர். குரலில் அலுப்புதான், வேறொன்றும் இல்லை.

ஆம்ப்ரோஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லெனார்டின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், இரண்டு மைல் தள்ளி இருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் ஏழு ஏக்கர் எல்லை நிலத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. வக்கீல் கடிதம் வரை போயிருந்தது. ஆனால் அண்ணன் போனதும் பகையெல்லாம் போய்விட்டது. பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் எனிட் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. வேலி கட்டுவார், கூரை பார்ப்பார், கன்று போடும் பசுவுக்குக் கூட இருப்பார். அந்தக் காலை வார்த்தையை எனிட் வாய்விட்டுச் சொல்லி அழுதது அவரிடம் ஒருவரிடம்தான். "உங்க மேல தப்பில்ல அண்ணி" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுத்தான் அவர் தட்டை நகர்த்துவார். அதற்காகவே அந்த ஏழு ஏக்கரை எனிட் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பாலத்தின் ஓரத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே வை நதி, காபித் தண்ணீர் நிறத்தில், கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. எனிட் சாக்குத் துணியைப் பிரித்தாள்.

"முழுசா போடாதீங்க. எவனாவது மீன் பிடிக்கறவன் தூண்டில்ல இது மாட்டி, துடைச்சு மறுபடி ஏலத்துக்குக் கொண்டு வருவான். குடுங்க, கழட்டித் தனித்தனியா போடுவோம்."

ஹெஸ்டருக்கு அது கை மறக்காத வேலை. பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து இதற்கு எண்ணெய் போட்டவள் அவள்தான். முன்கட்டையை உருவினாள், நெம்புகோலைத் தள்ளினாள், குழல் மடங்கிக் கழன்று வந்தது. மடியில் திருப்பி வைத்தாள்.

அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னடி? போடு, போகலாம்."

"அம்மா, இது அப்பாவோட குழல் இல்ல."

"அந்தக் கடுகுச் சட்டைக்காரனும் ஏதோ சொன்னான். குழல் வேற, கட்டை வேறன்னு. மூணு கை மாறி வந்திருக்கு, எவனாவது மாத்தியிருப்பான்."

"யாரு மாத்த முடியும்? இங்க பாருங்க. ரெண்டுன்னு இருக்கு. உலகத்துல ரெண்டாம் நம்பர் குழல் ஒண்ணே ஒண்ணுதான். அது சித்தப்பாவோட துப்பாக்கியில இருக்கணும்."

எனிட்டுக்கு இன்னும் புரியவில்லை. மகள் அவள் கையைப் பிடித்து, அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். குளிர்ந்த இரும்பில் செதுக்கிய ஒரு சின்னப் பள்ளம்.

"தாத்தா இந்த ஜோடியை வாங்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. அப்பாவுக்கு ஒண்ணு, சித்தப்பாவுக்கு ரெண்டு. சித்தப்பா அவரோடதைத் தூக்கத்துலயும் விட்டதில்ல. அப்போ இது எப்போ மாறும்? ரெண்டு துப்பாக்கியையும் ஒரே மேசையில பிரிச்சுப் போட்டுத் துடைச்சாத்தான் மாறும். அடியில இருக்கற நம்பரைப் பார்க்காம மாட்டிட்டா, மேல ஒரு வித்தியாசமும் தெரியாது."

"சண்டைக்கு முன்னாடி எப்பவாவது..."

"இல்லம்மா!" ஹெஸ்டர் கத்தியே விட்டாள். "அப்பா செத்த வாரம், ஞாயித்துக்கிழமை, நான்தான் எண்ணெய் போட்டேன். அடியில ஒண்ணுன்னு இருந்துச்சு. அந்தப் பள்ளத்துல அழுக்கு சேரும், தீக்குச்சியால சுரண்டுவேன். என் கையால சுரண்டினேன். வியாழக்கிழமை வயல்ல கிடந்ததைப் போலீஸ் எடுத்துட்டுப் போச்சு. அப்புறம் அது நம்ம வீட்டுக்கும் வரல, சித்தப்பா வீட்டுக்கும் போகல."

தூறல் வலுத்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவுல" என்றாள் எனிட் மெதுவாக. "ஆனா விசாரணையில ஆம்ப்ரோஸ் சத்தியம் பண்ணிச் சொன்னானே. அண்ணனைப் பார்த்து அஞ்சு மாசமாச்சுன்னு."

"சொன்னாரு."

"பைபிள் மேல கை வச்சு."

"வண்டியில ஏறுங்கம்மா."

ஆற்றில் எதையும் போடவில்லை. சாக்குத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எனிட் வழி முழுவதும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஆப்பிள் தோப்புகளில் பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ கையசைத்தார்கள், அவளும் கையசைத்தாள். உள்ளுக்குள் பயமாக இருந்தது. செத்தவரைப் பார்த்துப் பயந்து பயந்து பதினொரு வருடம் ஓட்டிவிட்டாள். உயிரோடு இருப்பவரைப் பார்த்து இன்றைக்குத்தான் பயம் வந்தது.

ஆம்ப்ரோஸ் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அறுபது வயது, நல்ல உயரம், முழங்கையில் தோல் தைத்த பழைய ஸ்வெட்டர்.

"அடடே, வியாழக்கிழமையில என்ன அதிசயம்! வாங்க அண்ணி. ஹெஸ்டர், நனைஞ்சுட்டியே. தண்ணி கொதிக்குது, அஞ்சு நிமிஷத்துல தேநீர்."

பேசிக்கொண்டே வந்தவரின் கண் எனிட் கையிலிருந்த சாக்குத் துணியில் விழுந்தது. துணியின் ஓரத்தில் ஒரு குதிரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேச்சு நின்றுவிட்டது.

"உங்க துப்பாக்கியைக் கொஞ்சம் பார்க்கணும் சித்தப்பா" என்றாள் ஹெஸ்டர்.

ஏன் என்று கேட்கலாம். இப்போது முடியாது என்று சொல்லலாம். திட்டிக்கூட அனுப்பலாம். ஆம்ப்ரோஸ் ஒன்றும் செய்யவில்லை. சுவர் அலமாரியைத் திறந்து, எடுத்து, அடுப்படி மேசையில் வைத்தார். அவரே முன்கட்டையை உருவினார், அவரே குழலைக் கழற்றினார், அவரே திருப்பி வைத்தார்.

ஒன்று.

எனிட் பார்த்துக்கொண்டே இருந்தாள். லெனார்டின் குழல். பதினொரு வருடமாக இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு முயல் சுட்டு, தோலுரித்து, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அவளும் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

"எப்போ தெரியும் உனக்கு, மாறினது?"

"அடுத்த நாளே தெரியும் அண்ணி. துடைக்கறதுக்குக் கழட்டினேன். பார்த்தேன்." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "தினமும் காத்துக்கிட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வருவாரு, இதைக் கேப்பாருன்னு. அவங்க யாரும் அடியில பார்க்கவே இல்ல. அதை வாங்கின மூணு பேருல எவனாவது பார்த்து, விசாரிச்சுக்கிட்டு வருவான்னு நினைச்சேன். வரல. அப்புறம் வராமலே இருக்கட்டும்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன நடந்தது?" ஹெஸ்டர் உட்காரவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

ஆம்ப்ரோஸ் எனிட்டைப் பார்த்தே சொன்னார்.

"அன்னைக்குக் காலையில அண்ணன் வந்து அங்கதான் நின்னான், ஹெஸ்டர் நிக்கற இடத்துல. அஞ்சு மாசம் பேசாதவன். 'எனக்குன்னு ஒரு ஆள் உண்டான்னு எனிட் கேட்டுட்டா. யோசிச்சுப் பார்த்தேன், நீ ஒருத்தன்தான் ஞாபகம் வந்தே'ன்னான். நீங்க சொன்னதுனாலதான் வந்தான் அண்ணி. அழுதோம், சிரிச்சோம், ஆப்பிள் சைடர் ஒரு ஜாடி காலி. மத்தியானம் ரெண்டு துப்பாக்கியையும் இந்த மேசையிலதான் பிரிச்சுப் போட்டுத் துடைச்சோம், சின்ன வயசுல துடைச்ச மாதிரி. நம்பரை எவன் பார்த்தான்? அந்த எல்லை நிலத்தையே ஆளுக்குப் பாதின்னு முடிவு பண்ணிட்டு, நடந்து பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினோம்."

எனிட் வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேலிப்படியில நான் முதல்ல தாண்டினேன். என்னோடது காலி. அவன் தோட்டாவை எடுத்துட்டுத்தான் குடுத்திருக்கணும், சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டான். கட்டைப் பக்கத்தை என்கிட்ட நீட்டினான், குழல் அவன் நெஞ்சைப் பார்த்து இருந்துச்சு. ஒரு குதிரை இழுத்தபடியே இருந்திருக்கு. நான் கட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வேலி முள்ளுல விசை மாட்டுச்சு. அவ்வளவுதான்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்படின்னு நீங்க சொல்றீங்க" என்றாள் ஹெஸ்டர். "வக்கீல் நோட்டீஸ் விட்ட நிலம். இன்னைக்கு முழுசா உங்க பேர்ல இருக்கு."

"அதுக்குத்தான் பயந்தேன்! ஊரே அதைத்தான் சொல்லியிருக்கும். தூக்குத்தண்டனையை நிறுத்தி அப்போ மூணு வருஷம்கூட ஆகல, அந்த நினைப்பே போகாத காலம். ஓடிட்டேன். தப்புதான். ஆனா அண்ணி, உங்க மேல தப்பில்லன்னு நான் எத்தனை ஞாயித்துக்கிழமை..."

"சொன்னே" என்றாள் எனிட். "ஐநூறு தடவை சொல்லியிருப்பே. ஏன் தப்பில்லன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா போதும், ஆம்ப்ரோஸ். ஒரே ஒரு தடவை. நான் என் புருஷனை வாயால கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு, உனக்கு உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். நீ, 'இன்னும் ரெண்டு வையுங்க'ன்னு கேட்டு வாங்கித் தின்னே."

ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். எனிட் அழவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லெனார்ட் சாகப் போகவில்லை. தம்பியிடம் போனார். சிரித்திருக்கிறார். அதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை நகர்ந்தது நிஜம்தான். ஆனால் அது நகர்ந்த இடத்திலிருந்து இன்னொரு கேள்வி வந்தது.

"உடனே போயிட்டாரா?"

ஆம்ப்ரோஸ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்ப்ரோஸ், உன்னைத்தான் கேக்கறேன். உடனே உயிர் போயிடுச்சா?"

"இல்ல அண்ணி."

ஹெஸ்டர் கதவை விட்டு நிமிர்ந்தாள்.

"பேசினாரா?"

"பேசினான்." மேசை மேல் இருந்த குழலை அவர் விரல் தடவிக்கொண்டே இருந்தது. "'எனிட்கிட்ட சொல்லு'ன்னான்."

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"அதுக்கு மேல எனக்குக் கேக்கல. நான் அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுட்டேன். சத்தியமா அண்ணி, முதுகுப் பக்கம் ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். என் காதுல விழல."

எனிட் அவர் முகத்தையே பார்த்தாள். சத்தியம் என்ற சொல்லை இவர் வாயிலிருந்து அவள் ஒரு முறை கேட்டிருக்கிறாள், விசாரணையில், பைபிளின் மேல் கை இருக்கும்போது. எழுந்தாள். தலைத்துணியை முடிச்சுப் போட்டாள்.

"கோட்டைப் போடு, ஆம்ப்ரோஸ்."

"எங்க?"

"வேலிப்படிக்கு."

"நான் அங்க போய்ப் பதினொரு வருஷமாச்சு. அதை மட்டும் கேக்காதீங்க அண்ணி. போலீஸுக்கு வேணா இப்பவே வரேன்."

"போலீஸ் எங்கேயும் ஓடிடாது. நானும்தான் அங்க போனதில்ல, இன்னைக்குப் போறேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அவரு எங்க விழுந்தாரோ அந்த இடத்தைக் காட்டு. நான் அங்க படுத்துக்கறேன். படுத்துக்கிட்டு, போற உயிரோட ஒரு மனுஷன் எவ்வளவு சத்தமா பேசுவானோ அவ்வளவு சத்தமா பேசறேன். அன்னைக்கு ஓடின மாதிரியே நீ ஓடு. ஹெஸ்டர் உன் கூட ஓடி வருவா. என் பேச்சு எதுவரைக்கும் காதுல விழுதுன்னு அவ சொல்லட்டும்."

துப்பாக்கியைப் பார்த்தபோது ஆம்ப்ரோஸ் அதிர்ந்துதான் போனார். எண்ணைப் பார்த்தபோது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கொலைகாரன் என்று ஹெஸ்டர் சொல்லாமல் சொன்னபோது கத்தினார். அப்போதெல்லாம் அவர் முகத்தில் ரத்தம் இருந்தது. இப்போதுதான் அது வடிந்து சுண்ணாம்பாகிப் போனது.

கோட்டை எடுக்க அவர் எழுந்திருக்கவில்லை.

"ஓடிப் பார்க்கத் தேவையில்ல அண்ணி" என்றார். "உட்காருங்க."